மூடி வைத்த சட்டி

சிவமயம்

புங்குடுதீவு,
20.08.1974, செவ்வாய்க்கிழமை.

என் வணக்கத்துக்குரிய சியாமளாவின் அப்பா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை மத்தியானம் நெடுந்தீவில் உங்கள் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். உங்கள் அக்கா இலட்சுமிப்பிள்ளை மச்சாள், அவருடைய கணவர் தம்பையா அண்ணை, அவர்களின் மகள் ஞானசவுந்தரி, பக்கத்து வளவு அன்னமுத்து அக்கா, நான், எங்கள் பிள்ளை. வேறொருவரும் வளவுக்குள் வரவில்லை. வாசற் படலையைப் பார்த்தபடிதான் நான் இருந்தேன். இதை முதலில் எழுதுவது ஏனென்றால், இனி நான் சொல்லப்போவது இந்த ஆறு பேருக்குள் ஒருவர் செய்த காரியம். என்னையும் பிள்ளையையும் கழித்தால் மிச்சம் நாலு பேர்.

பிள்ளை இப்போது சுகம். அதை உடனே சொல்லாவிட்டால் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தந்தி அடிக்க ஓடுவீர்கள். நேற்றிலிருந்து சோறு தின்கிறாள். உங்கள் சுகத்துக்கும் அம்பாளைப் பிரார்த்திக்கிறேன். கொழும்பில் சமறி வீட்டுச் சாப்பாட்டில் உறைப்புக் கூட என்று எழுதியிருந்தீர்கள். மோர் வாங்கிக் குடியுங்கள். உங்களுக்கு அது ஒத்துக்கொள்ளும்.

நீங்கள் சொல்லித்தான் போனோம். ஒக்டோபர் ஏழாந் தேதி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் எனக்கு ஒப்பரேசன். வயிற்றுக் கட்டியை எடுத்தபிறகு மூன்று கிழமை அங்கே படுக்கவேண்டும், வீட்டுக்கு வந்தாலும் இரண்டு மாதம் ஒரு வாளி தண்ணீர் தூக்கக்கூடாது என்று டொக்டர் அம்மா சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். அவ்வளவு நாளும் பிள்ளையை யார் பார்ப்பது? ஒரு வீட்டை எட்டு ஆண்கள் பங்குபோட்டுக்கொண்டு இருக்கிற உங்கள் கொழும்புச் சமறியில் ஐந்து வயதுப் பெண்பிள்ளையை வைத்திருக்க ஏலாது. என் அண்ணன் திருகோணமலையில் தன் ஆறு பிள்ளைகளோடே திண்டாடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு அக்காவிடம் விடலாம், எதற்கும் இந்த விடுமுறையில் ஒரு கிழமை போய் இருந்து பாரும் என்று எழுதினீர்கள். கண்ணைத் திறந்துகொண்டு போய் இருந்து பார்த்தேன். பிள்ளையை அந்த வீட்டில் விட என்னால் ஏலாது.

அது பால் வீடு. பட்டியில் பதினான்கு மாடு. விடிய எழும்பினால் கறக்கிற சத்தம், மத்தியானம் தயிர் கடைகிற சத்தம், பின்னேரம் நெய் உருக்கிற மணம். குசினி உறியில் தயிர்ச் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. கதவுக் கொளுக்கியைத் தொட்டாலும் கையில் நெய்ப்பிசுக்கு ஒட்டும். எங்கள் பிள்ளைக்கோ பால் உள்ளே போனால் வயிறு பறைபோல ஊதும், சுருண்டு படுப்பாள், தண்ணீர் தண்ணீராய்ப் போகும். போன மார்கழியில் டொக்டர் அம்மா சொன்னதை எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பசுப்பால், ஆட்டுப்பால், தயிர், மோர், பால்மா, பால் சேர்ந்த இனிப்பு ஒன்றும் ஆகாது. அன்றிலிருந்து ஒரு கொப்பி போட்டு, பிள்ளையின் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்திலும் வயிற்றின் நிலையை மறுபக்கத்திலும் எழுதி வருகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அந்தக் கொப்பியில் ஒரு நாள் விட்டதில்லை.

நெடுந்தீவுக்கும் கொப்பி வந்தது. எள்ளுருண்டை ஒரு பேணி, வறுத்த உழுத்தம்மா ஒரு பேணி, பனங்கட்டி இரண்டு குட்டான், பிள்ளையின் கோப்பை, கரண்டி எல்லாம் கொண்டுபோனேன். சோளகக் காற்று அடித்து வள்ளம் ஏறி ஏறி விழுந்தது. இறங்குதுறைக்கு மச்சாளே வந்திருந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதற்சொல்லே, “என்ன பரிமளம், பிள்ளை இந்தக் காத்துக்கே பறந்துபோடும் போலை கிடக்கு. எங்கடை பரம்பரையிலை பால் குடியாமல் ஒண்டும் வளரேல்லை” என்றார். தம்பையா அண்ணை பேணிகளைப் பார்த்துச் சிரித்து, “கடை போடப் போறீரோ தங்கச்சி” என்றார். ஒரு சொட்டும் ஆகாது மச்சாள் என்று நான் துறையிலேயே சொன்னேன். “ஓம் ஓம், கேட்டுது” என்றார். அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலையே ஒன்றைக் கண்டேன். குசினி மூலையில், மற்றச் சட்டிகளோடு சேராமல், ஒரு சின்னச் சட்டி. மேலே மூடி, மூடியின் மேலே கல். கறி வைக்க உதவலாம் என்று எடுக்கக் கையை நீட்டினேன். மச்சாள் பாய்ந்து வந்து என் கையைத் தட்டி, “அதை விடும், அதை நீர் தொடவேண்டாம்” என்றார். விருந்துக்குப் போன இடத்தில் என் கையைத் தட்டினார். என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கு யாராவது கல் வைப்பார்களா?

புதன்கிழமை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஞானசவுந்தரி நின்றாள். என்னையும் பிள்ளையையும் கண்டதும் பித்தளை மூக்குப்பேணியைத் தாவணிக்குள் மறைத்தாள். என்ன பிள்ளை என்றேன். “ஒண்டுமில்லை மாமி” என்றாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே மறுமொழி. வியாழன் பின்னேரம் இருவரும் அடுப்படியில் குசுகுசுத்தார்கள். நான் உள்ளே போனதும் கதை நின்றுவிட்டது. இந்த மூன்று நாளும் பிள்ளையின் வயிறு நல்லம் என்றுதான் கொப்பியில் இருக்கிறது. அதையும் நான் நம்பவில்லை. என்னை அசரவைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளி காலையில் அங்கேயுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். பிள்ளையின் வயிறு சுகப்படவேண்டும் என்று தை மாதம் நான் நேர்ந்த வெள்ளிக்கிழமை அபிஷேகத்தை வெளியூர் என்பதற்காக விட மனமில்லை. நான் போகக்கூடாத வெள்ளிகளைக் கழித்தால் இது இருபத்திரண்டாவது. மச்சாள் தன் மாட்டுப்பாலிலேயே இரண்டு போத்தல் தந்து தானும் வந்தார். அபிஷேகம் வெகு திருப்தி. ஐயர் செம்பு நிறையப் பிரசாதம் தந்தார். வெயிலுக்குள் நடந்து பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தோம். ஒரு மணிக்குச் சாப்பாடு. சோறு, சொதி, கத்தரிக்காய் வெள்ளைக்கறி, முருங்கையிலை வறை, அப்பளம். எங்களுக்கெல்லாம் பெரிய சட்டிகளிலிருந்து பரிமாறிய மச்சாள், பிள்ளைக்கு மட்டும் அந்த மூடி வைத்த சட்டியைத் திறந்து சொதி வார்த்தார். வழக்கத்தைவிட வெள்ளை, வழக்கத்தைவிடத் தடிப்பு. நான் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். தேங்காய் மணம் முன்னுக்கு நின்றது. பின்னுக்கு வேறொன்றும் நின்றதுபோல இருந்தது. அத்தனை பேர் முன்னால் பிள்ளையின் கையைப் பிடிக்க வெட்கப்பட்டேன். அந்த வெட்கம்தான் பிழை.

மூன்று மணிக்குத் தொடங்கியது. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். பிறகு முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “அம்மா ஊதுது, அம்மா ஊதுது” என்று கத்தினாள். விளக்கு வைப்பதற்குள் ஏழு தரம் போனது. இவ்வளவு கடுமையாய் இந்த வருடம் ஒருநாளும் வந்ததில்லை. ஞானசவுந்தரி சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை.

முற்றத்தில் நின்று மச்சாளைக் கேட்டேன். சத்தமாய்த்தான் கேட்டேன்.

“மச்சாள், அந்தச் சட்டிக்குள்ளை என்ன விட்டனீங்கள்?”

“சொதி” என்றார்.

“அப்பிடியெண்டால் சட்டியைத் தாங்கோ. நான் மணந்து பாக்கவேணும்.”

அன்னமுத்து அக்கா, “ஐயோ மாதாவே” என்று வாயைப் பொத்தினார். தம்பையா அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். மச்சாள் உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கி வந்தார். என் கையில் தரவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்த் துவைகல்லில் ஓங்கி அடித்தார். ஓடுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

நீங்களே யோசியுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் சட்டியை ஏன் உடைக்கவேண்டும்?

ஞாயிறு காலையில் புறப்பட்டோம். மச்சாள் படலைக்கு வரவில்லை. தம்பையா அண்ணைதான் பெட்டியைச் சுமந்துவந்து, “கடல் அடிக்கும், பிள்ளையை நடுவிலை இருத்தும்” என்று மட்டும் சொன்னார்.

நான் எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் என்று சொல்லுவீர்கள். ஓம். வைகாசியில் பிள்ளைக்கு நொந்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற விசுக்கோத்தில் பால்மா இருக்குமென்று சறோஜினிதேவி ரீச்சரிடம் போய்ப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். “உங்கடை பிள்ளை வாங்கிறதே இல்லை, கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறியளாமே, அதைப் பாருங்கோவன்” என்று மற்றப் பிள்ளைகள் சிரிக்கச் சொன்னா. சித்திரையில் நீங்கள் வந்து நின்றபோது பாயின் கீழே ஒரு டொபிக் கடதாசி கண்டெடுத்தேன். கொழும்பு டொபி. அதை நான் உங்களிடம் கேட்கவில்லை, ஆனால் கடதாசி பத்திரமாய் இருக்கிறது. எல்லாரும் இல்லை என்கிறீர்கள். பிள்ளையின் வயிறு மட்டும் ஓம் என்கிறது.

ஆகவே என் முடிவைச் சொல்லுகிறேன். பிள்ளையை விட இடமில்லாவிட்டால் எனக்கு ஒப்பரேசன் வேண்டாம். டொக்டர் அம்மா தள்ளிப்போடக் கூடாது என்றுதான் சொன்னார். சொல்லட்டும். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, என் பிள்ளை யாரோ ஒருவருடைய பிடிவாதத்துக்குப் பால் குடித்துச் சுருண்டு கிடக்க ஏலாது. தை பிறக்கட்டும், பார்ப்போம்.

24.08.1974, சனிக்கிழமை.

மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. புதன்கிழமை தபாற்கந்தோருக்கு வெளிக்கிட்டுப் படலையடியில் இடுப்பு உளைவு வந்து திரும்பிவிட்டேன். கடிதம் அலுமாரிக்குள் கிடந்தது. இப்போது அதைக் கிழித்துவிட்டுப் புதிதாய் எழுதலாம். கிழிக்கவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். உங்கள் அக்காவைப் பற்றி எழுதினது என் கைதான்.

வியாழக்கிழமை பத்து மணிபோல் அன்னமுத்து அக்கா வந்தார். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போகிறவர், குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலுக்குள் நடந்து வந்திருந்தார். நாங்கள் கொடியில் மறந்துவிட்டு வந்த பிள்ளையின் நீலச்சட்டையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“தங்கச்சி, சட்டை தர வந்தனான் எண்டு நினையாதையும். சட்டையைத் தபாலிலையும் போடலாம். நான் உமக்கு ஏச வந்தனான்.”

ஏசுங்கோ அக்கா என்றேன். தேத்தண்ணீர் வைக்கிறேன் என்றேன். “ஏசி முடியத்தான் குடிப்பன். குடிச்சால் ஏச வராது” என்றார்.

அந்தச் சட்டியை வாங்கினதே தான்தானாம். நாங்கள் போவதற்கு முதற்கிழமை மச்சாள் கூப்பிட்டு, “அன்னமுத்து, என்ரை வீட்டிலை பால் படாத சட்டி ஒண்டும் இல்லை. தம்பியின்ரை பிள்ளை வருது. புதுச்சட்டி ஒண்டு வாங்கித் தா” என்றாராம். அதை மச்சாளே தவிடு போட்டு அவித்துப் பழக்கினாராம். மூடியின் மேல் கல் வைத்தது தயிர்ச் சட்டிகளைத் தேடி வருகிற பூனைக்கு. “நீர் அண்டைக்கு என்ன செய்தனீர்? தயிர் உறியைப் பிடிச்ச கையோடை அதைத் தூக்கப் போனீர். உம்மடை பிள்ளைக்கெண்டு வைச்ச சட்டியை உம்மிட்டையிருந்துதான் அக்கா காப்பாத்தினவ” என்றார். ஞானசவுந்தரி கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பால் குடித்தது, பிள்ளை கண்டால் கேட்கும் என்பதற்காக. அதுவும் மச்சாளின் கட்டளை. அவர்கள் குசுகுசுத்தது, நான் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு பிள்ளை யாரோடு படுப்பது என்பது. தாயும் மகளும் அதற்குச் சண்டையாம்.

எனக்கு இன்னும் மனம் இளகவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன். சட்டி சுத்தமென்றால் பிள்ளைக்கு ஏன் அப்படி வந்தது என்று திருப்பிக் கேட்டேன். அதைக் கேட்டபிறகுதான் அவர் குந்தினார். கதிரையில் இல்லை, நிலத்தில், எனக்கு முன்னால் இருந்து என் முகத்தைப் பார்த்தார்.

“அண்டைக்கு நீங்கள் கோயிலாலை வரேக்கை நான் படலையிலை நிண்டனான். உம்மடை பிள்ளைக்கு மேலுதட்டிலை வெள்ளையாய் மீசை இருந்தது. அது என்ன?”

அது அபிஷேகப் பிரசாதம் என்றேன்.

“அது என்னத்திலை செய்தது?”

பிரசாதம் வருத்தம் செய்யாது அக்கா, மாதா கோயிலுக்குப் போகிற உங்களுக்கு அது விளங்காது என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “எங்களுக்கும் கோயிலிலை குடுக்கிறவை தங்கச்சி. நானும் நாக்கிலை வாங்கிறனான். ஆண்டவருடையது எண்டாலும் தொண்டையாலை இறங்கி வயித்துக்குள்ளைதானே போகுது. வேறை வழி அவர் வைக்கேல்லையே” என்றார்.

செம்பு நிறையத் தந்தார் ஐயர். வெயில். பிள்ளைக்குத் தாகம். முழுவதையும் என் கையாலேதான் பருக்கினேன். பயபக்தியோடு குடி என்று சொல்லிப் பருக்கினேன். இங்கே எங்கள் அம்மன் கோயிலில் ஒரு போத்தல் கொடுத்தால் இரண்டு மிடறு திரும்ப வரும். அங்கே இரண்டு போத்தல் கொடுத்தோம், செம்பு நிறைந்தது.

மச்சாளும் பக்கத்தில் நின்று கண்டவர்தான். அன்னமுத்து அக்கா அதைக் கேட்டிருக்கிறார், ஏன் அக்கா வாயைத் திறக்கேல்லை, முற்றத்திலை நிண்டு பேச்சு வாங்கினியள் என்று. அதற்கு மச்சாள் சொன்னாராம்: “பிள்ளையின்ரை சுகத்துக்கெண்டு நேந்து குடுக்கிறாள். சுவாமிக்கு வாத்ததைப் பிள்ளைக்குக் குடாதை எண்டு நான் எந்த வாயாலை சொல்ல? பிள்ளை சுருண்டு கிடக்கேக்கை, உன்ரை கையாலைதான் எண்டு தாய்க்குச் சொல்லுறதோ? என்னைச் சொல்லிப்போட்டுப் போகட்டும்.” ஆனால் சட்டியை மணக்கக் கேட்டதைத்தான் தாங்க ஏலவில்லையாம். அதுதான் அடித்தாராம்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு அவர் போனபிறகு கொப்பியை எடுத்தேன். தையிலிருந்து ஒவ்வொரு வெள்ளியாய்ப் பார்த்தேன். நொந்த நாட்களெல்லாம் வெள்ளி பின்னேரம் அல்லது சனி காலை. பிரசாதத்தை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை. அது சாப்பாடு இல்லையே என்று எழுதவில்லை. நான் விலக்காயிருந்து கோயிலுக்குப் போகாத வெள்ளிகளில் வயிறு நல்லம் என்று இருக்கிறது. ஆனியில் எனக்குக் கட்டியால் இரத்தப்போக்கு நிற்காமல் மூன்று வெள்ளி தொடர்ந்து போக ஏலவில்லை. அந்த மூன்று கிழமையும் ஒரு நோவும் இல்லை. அம்மா வருத்தமாய்க் கிடக்க அம்பாளே பிள்ளையைப் பார்த்தாள் என்று அப்போது அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ரீச்சரைச் சந்தேகித்த வைகாசி நோவும் ஒரு சனி வந்ததுதான். உங்கள் டொபிக் கடதாசி கண்ட நாளும் சனி. அந்தக் கடதாசியை நேற்று அடுப்பில் போட்டேன்.

அம்பாளில் குற்றம் சொல்லமாட்டேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடு என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டதும் நான், கொடுத்ததும் நான். நேற்று வெள்ளி. கோயிலுக்குப் போய் வழக்கம்போலப் பாலைக் கொடுத்தேன். ஐயர் செம்பை நீட்டியபோது கை நீட்டவில்லை. காரணத்தைச் சொன்னேன். ஐயர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, “பிள்ளைக்கு விபூதியைப் பூசி ஒரு பூவைக் குடு. அம்மாளுக்குத் தெரியாதோ” என்றார். இன்று சனி. பிள்ளை காலையில் இடியப்பம் இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, இப்போது கோழியைத் துரத்துகிறாள்.

ஒப்பரேசனுக்குப் போகிறேன். ஏழாந் தேதிதான். நீங்கள் லீவு கேட்டு வையுங்கள்.

ஆனால் பிள்ளையை மச்சாள் ஏற்பாரோ தெரியாது. அன்னமுத்து அக்கா போகும்போது அதையும் கேட்டேன். “பிள்ளையை விடு எண்டு அவ இனிக் கேக்கமாட்டா. கேக்கவேண்டியது நீர்” என்றார். கடிதத்தில் மன்னிப்புக் கேட்டால் எனக்கு லேசு. முற்றத்தில் நின்று சத்தமாய்க் கேட்டவள், அதே முற்றத்தில் நின்று சத்தமாய்த்தான் கேட்கவேண்டும், தம்பையா அண்ணையும் ஞானசவுந்தரியும் கேட்க. புதன்கிழமை வள்ளத்தில் பிள்ளையோடு போகிறேன். படலையைத் திறக்காவிட்டால் திறக்கும்வரைக்கும் நிற்பேன். இந்த உடம்போடு கடலில் போகாதே என்று எழுதவேண்டாம். உங்கள் கடிதம் வருவதற்குள் போய்விடுவேன்.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. அக்காவுக்குத் தனியாய் ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளையை ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு என்று எழுதவேண்டாம். தை வரைக்கும் என்றும் எழுதவேண்டாம். எவ்வளவு காலத்துக்கு என்று குறிக்காமல் எழுதுங்கள். அக்காவுக்கு விளங்கும்.

எதைக் கொடுக்கக்கூடாது என்ற பட்டியலை நான் அவருக்குக் கொடுக்கப் போவதில்லை. என்னைவிட அவருக்குத் தெரியும். பிள்ளை பயந்தால் பக்கத்தில் படுக்கிறவரின் காதைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரையாவாள், தட்டிவிடக் கூடாது என்று சொல்லுவேன். தலை இழுக்கும்போது பின்பக்கத்துச் சிக்கை முதலில் எடுக்கவேண்டும் என்று சொல்லுவேன். கீழ்ப்பல் இரண்டு ஆடுகிறது. விழும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அழுவாள், அம்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறா என்று சொல்லச் சொல்லுவேன்.

அம்பாள் உங்களுக்கும் பிள்ளைக்கும் அக்காவுக்கும் என்றும் துணையிருப்பாள். உறைப்பைக் குறையுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அக்காவுக்கு எழுதிவிட்டு, என்ன எழுதினீர்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள். பதில் கெதியாய்ப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள்
பரிமளம்